அளவறிந்து ஊட்டுதல்

ஜப்பானிய நெல்வயல்களிலே சில நாற்றுக்கள் அளவுக்கு மீறி நெடிது வளர்ந்து, மெலிந்து மடிவதுண்டு. பூஞ்சணமொன்று சுரக்கும் பொருளே இதற்குக் காரணமென 1926ஆம் ஆண்டிலே குரோசாவா என்னும் விஞ்ஞானி காட்டினார். ஜிபரலின் எனப் பின்னர் பெயர்பெற்ற அப்பொருளைச் செடிகள் தாமும் சிறிதளவு ஆக்குகின்றன.

சலாதுச் செடிக்கு இதனை அளவோடு தெளித்தால் வளர்ச்சி விரையும். மிகுந்தாலோ பூந்தண்டு எழும்பி இலை பயனற்றுப்போம். நீரிலும் வெப்பத்திலும் இது எளிதிற் சிதைவதால், அளவைக் காத்தல் அரிது. ஆகவே, இறாலோட்டிலிருந்து பெறும் கைற்றோசானால் ஆன நுண்துணிக்கைகளுள் இதனைப் பொதிந்து, சிறிது சிறிதாக வெளிவரச் செய்ய ஆய்வாளர் முயல்கின்றனர்.

சலாதோ நாம் பச்சையாக உண்ணும் இலை. விளைச்சலை அளப்பதுபோலவே, இலையில் எஞ்சுவதையும் அளந்தறிந்த பின்னரே அதனை நாம் வரவேற்றல் தகும்.