கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும்

“ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க.” புளியங்குடியில் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு எழுந்துவிட்டால் போதும். சென்னை, திருப்பூர், பெங்களூரு, துபாய் என்று பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் போன் அடிக்கத் தொடங்கிவிடும். ஐகிரவுண்டு என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலில் புளியங்குடி அரசு ஆஸ்பத்திரி, பிறகு தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கும் முடியாவிட்டால் ஐகிரவுண்டு. இந்த வட்டாரத்து நோயாளி ஏறும் படிகள் இவை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டாலும் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. கையில் காசு புரளுகிறவர்கள் ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ வண்டியைத் திருப்புகிறார்கள்.

2021க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். எலுமிச்சைத் தோப்பையும் சந்தையையும் நம்பி வாழும் புளியங்குடியில் இதைப் புள்ளிவிவரம் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போன தெருக்களில் வீட்டுக்கு இரண்டு பெரியவர்கள், சில வீடுகளில் ஒருவர் மட்டும். தகவல் கிடைத்ததும் சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்தாலும் ஊர் வந்து சேர மறுநாள் காலையாகிவிடும். துபாயில் இருப்பவருக்கு லீவு கிடைக்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும்.

அதுவரை கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் உள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள், இல்லையென்றால் மருமகள். டாக்டர் வார்டுக்கு வரும்போது எதிரில் நிற்பவர் அவர். ராத்திரி இருமல் எப்படி இருந்தது, எத்தனை வாய் கஞ்சி உள்ளே போனது என்பதெல்லாம் தெரிந்தவரும் அவர்தான். ஆனால் எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆபரேஷன் என்று முடிவு செய்வது தொலைவில் இருந்து பணம் அனுப்புகிறவர். வயதானவரின் திடீர் ஆஸ்பத்திரி வாசத்தில் குடும்பங்கள் தடுமாறுவது பல சமயம் இந்த இடத்தில்தான்.

முதல் கேள்வி: எப்போதிலிருந்து?

பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது, “கடைசியாக எப்போது நல்லா இருந்தார்?” என்பதைத்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யவும் வேண்டும். புளியங்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நேரமும் இதே கணக்கில்தான் கழியும். “காலையில எந்திரிக்கும்போதே வாய் கோணியிருந்துச்சு” என்றால் இரவு படுக்கப் போன நேரத்திலிருந்து கணக்கு தொடங்கும். துபாயிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருக்கிற அரைமணிக்கு இங்கே இடமில்லை. 108ஐ அழைத்துவிட்டு, பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நெஞ்சுவலிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8. ஆகவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒதுக்கிவிட்டு நேராக நகரத்துக்குப் பறப்பது எப்போதும் புத்திசாலித்தனம் ஆகாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். காய்ச்சல் இல்லாமல் தொற்று வரலாம். மூச்சுவாங்கல், வேர்வை, திடீர்ச் சோர்வு, பேச்சில் தடுமாற்றம் என்று வேறு முகத்தோடு நோய் வரும். அதை முதலில் கண்டுகொள்வது தினமும் முகம் பார்க்கிற ஆள்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

கிளம்பும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து, தைலம் எதையும் விடக் கூடாது. “வெள்ளை மாத்திரை ஒண்ணு, காலையில” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் விளங்காது. மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் கட்டாயம். இவற்றை வீட்டில் விட்டுவிட்டு வந்த பெரியவர் பாதி உலகத்தை விட்டுவிட்டு வந்தவர்.

அடுத்தது ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையிலும், அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு இது செல்லும். பல வீடுகளில் சிக்கல் வருவது ரேஷன் கார்டில். அப்பா அம்மா பெயர் புளியங்குடியில் தனிக் கார்டில் இருக்கிறதா, சென்னை மகன் கார்டில் இருக்கிறதா? மகன் கார்டில் இருந்தால் கணக்கில் வருவது அந்தக் குடும்பத்தின் வருமானம். இதை அட்மிஷன் கவுன்டரில் நின்று கண்டுபிடிப்பதைவிட, நல்ல நாளிலேயே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உப்பு இறங்கினால்

கோடைக்காலத்தில் நம் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவரும் காரணங்களில் ஒன்று சோடியம் குறைவு. “உப்பு இறங்கிருச்சாம்” என்பார்கள். ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரை, பத்தியமென்று உப்பில்லாத சாப்பாடு, வாந்தி, பேதி எல்லாம் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். ஆள் உளறத் தொடங்குவார். வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யப் பார்ப்பது ஆபத்து. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். மெதுவாக, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று நாள் படுக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

சோடியம் சரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் சில முதியவர்களுக்குக் குழப்பம் வரும். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், இறந்துபோன தம்பியைக் கூப்பிடுவார்கள், பெற்ற மகளையே யார் என்று கேட்பார்கள். பேய் பிடித்துவிட்டது என்றோ, புத்தி பேதலித்துவிட்டது என்றோ பயந்துபோகிற குடும்பங்கள் உண்டு. தொற்று, வலி, புது மருந்து, தூக்கமின்மை, பழகாத இடம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் நிலை இது. மூலகாரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மறதிநோய் வேறு; அது மாதக்கணக்கில் மெல்ல வளரும், இதுவோ மணிக்கணக்கில் வந்துவிடும். ஆகவே “நேத்து வரைக்கும் நல்லாப் பேசினாங்க” என்று கூட இருப்பவர் சொல்வது ஒரு ஸ்கேனுக்குச் சமமான தகவல். பகலில் வெளிச்சம், இரவில் சத்தமில்லாத தூக்கம், கண்ணில் கண்ணாடி, தெரிந்த குரல். இந்த வைத்தியத்தை ஆஸ்பத்திரி தர முடியாது.

படுக்கையே ஒரு நோய் என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நடந்து வந்தவர் நடக்க முடியாமல் வீடு திரும்புவது இப்படித்தான். “உட்கார வைக்கலாமா, நாலடி நடக்க வைக்கலாமா?” என்று தினமும் டாக்டரிடம் கேட்பது கூட இருப்பவரின் வேலை.

யார் பேச்சு எடுபட வேண்டும்?

ஒரே கேள்வியை நாலு பிள்ளைகள் நாலு நேரத்தில் போனில் கேட்டால் டாக்டரும் எரிச்சலடைவார், பதில்களும் மாறும். ஒருவர் டாக்டரிடம் பேசட்டும். என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் நோட்டில் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே முறை போடட்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. காப்பீட்டு அலைச்சல், பண ஏற்பாடு, ராத்திரிக்கு மாற்று ஆள் தேடுவது, வீட்டில் தனியாக இருக்கும் இன்னொரு பெரியவருக்குச் சாப்பாடும் மாத்திரையும் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்கிற பரபரப்பில் வீட்டில் அம்மாவின் இன்சுலின் தவறிப்போவது நடக்கிற கதைதான்.

எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டியவர் கட்டிலில் இருப்பவர். நினைவு தெளிவாக இருக்கும் அப்பாவிடம் கேட்காமல் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவது நம்மிடம் பழகிப்போய்விட்டது. நினைவு தப்பிய நிலைக்கும் அவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். மீள வழியில்லாத நிலையில் செயற்கை சுவாசம் வேண்டாம் என்பதுபோன்ற விருப்பத்தைப் பதிவு செய்யும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அங்கீகரித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

வீடு திரும்பியதும் முதலில் பழைய மாத்திரை அட்டைகளை எடுத்துவைத்துவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருக்கும். இரண்டையும் விழுங்கினால் மறுபடி ஆஸ்பத்திரிதான். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமல்லாமல், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பகுதி சுகாதாரப் பணியாளரிடம் சொல்லிவைத்தால் அந்தக் கால் தசை திரும்பி வர வழியுண்டு.

பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ எல்லோரும் வீட்டில் கூடுவார்கள். அப்போது மூன்றே மூன்று விஷயம் பேசி முடியுங்கள்: அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, டாக்டரிடம் பேசப்போவது யார், பெரியவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறார்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். பணம் அனுப்புகிறவர் அதில் ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதட்டும்: “ஊரில் கூட இருப்பவர் சொல்வதே முடிவு.”