மெல்லச் செல்லும் வண்டி சாயாதிருக்க

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இராயக்கோட்டைத் தக்காளியும், ஓசூர் வட்டார மலர்களும், பால் கேன்களும் மொபெட்டுகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். 1980-இல் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் ஓசூரிலிருந்தே வெளிவந்தது. அது முதல் குடியானவரின் பாரத்தைச் சுமப்பதில் மாட்டு வண்டிக்குத் துணையாக இவ்வண்டிகளும் சேர்ந்துகொண்டன.

வேகம் மிகுந்தால்தான் ஆபத்து என்று பலர் கருதுகின்றனர். ஆனால் வேகம் மிகக் குறையும்போதும் வண்டி கவிழக்கூடும். ஓரளவு வேகத்தில் ஓடும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், முன்சக்கரம் அப்பக்கம் தானே திரும்பி வண்டியை நிமிர்த்த உதவும். ஆள் நடக்கும் வேகத்தில் இவ்வியல்பு குன்றிவிடுகிறது. அப்போது வண்டியை நிமிர்த்துவது ஓட்டுபவரின் கைகளே.

ஆகவே கைப்பிடியில் பைகளையோ கேன்களையோ மாட்டுதல் கூடாது. அவை ஊசலாடித் திருப்புதலைத் தடுக்கும். வண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும் என்பதைக் குடியானவர் அறிவர். இங்கும் பின்பாரம் மிகுந்தால் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறையும். பாரம் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும், இறுகக் கட்டப்பட்டும் இருத்தல் வேண்டும். பாதி நிறைந்த கேனில் பால் அலைந்து வண்டியை ஆட்டும் என்பதையும் மறத்தலாகாது.

நெரிசலிலும் திருப்பத்திலும் பார்வை முன்சக்கரத்தின்மீதன்றிச் செல்லும் வழியின்மீது இருக்கட்டும். கைப்பிடி திரும்பியிருக்கையில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சட்டெனச் சாயும். திரும்புமுன், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்வது நலம். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில், ஏ.பி.எஸ். இல்லையாயின், இரு சக்கரங்களையும் ஒருங்கே பிடிக்கும் பிரேக் அமைப்புக் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வகை வண்டியில் பின் பிரேக்கையும் மெல்லவே அழுத்த வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் கடமையுண்டு. பல ஊர்களில் குறுகிய, செங்குத்தான வேகத்தடைகளை எழுப்பிவிடுகின்றனர். பாரத்துடன் வருபவர் அங்கே ஏறக்குறைய நின்றே செல்ல நேர்கிறது. சமநிலை தவறுவதும் அங்கேயே. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வளைவாக அமைய வேண்டும் என 1988-இல் இந்திய சாலைக் காங்கிரஸ் நெறி வகுத்தது. அதன்படி அமைத்து வர்ணம் தீட்டுவதும், திருப்பங்களில் சேரும் மணலையும் சரளையையும் அகற்றுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகளல்ல.

மெல்லச் செல்லும்போது விழுந்தாலும், தலை சாலையில் மோதினால் உயிருக்கே கேடு. ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. பால் சங்கம் வரைதானே என்று அதை வீட்டில் வைத்துச் செல்லுதல் தகாது.

கொட்டிய பால் ஒரு வேளை வருமானம். விழுந்தவரோ ஒரு குடும்பத்தின் ஆதாரம். அடுத்த கிராம சபையில் தத்தம் ஊரின் வேகத்தடைகளையும் திருப்பங்களையும் ஆராய்ந்து, ஆவன செய்ய அனைவரும் முன்வருவார்களாக.