மதிலுக்குள் ஒரு மாரி விடுமுறை

பிரான்சு தேசத்தின் வடமேற்குக் கரையிலே, கடலையே அகழியாகக் கொண்டு நிற்கிறது சென் மாலோ என்னும் மதில் நகரம். மாரி விடுமுறையில் இரண்டு நாட் தங்குதற்கு ஏற்ற இடம் இது. கோடைக்காலச் சனநெருக்கம் அப்போது இல்லை. மதிலின்மேல் நடந்தே நகரைச் சுற்றி வரலாம்.

கடல் வற்றும் வேளையில், அருகிலுள்ள கிரான் பே தீவுக்கு நடந்து சென்று, 1848இல் மறைந்த எழுத்தாளர் சத்தோபிரியானின் கல்லறையைக் காணலாம். நீர் பெருகுமுன் திரும்பிவிட வேண்டும். அமாவாசை, பூரணையை ஒட்டிய சில நாட்களில் இங்கே கடல் 12 மீற்றருக்கு மேலும் ஏறி இறங்குவதுண்டு.

மதிலுக்குள் ஓங்கி நிற்கும் கருங்கல் வீடுகள் யாவும் பழையன என்று எண்ணிவிடலாகாது. 1944 ஆகஸ்ட் மாதப் போரிலே நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தது; மதிலோ பெரும்பாலும் தப்பியது. 1948 முதல் 1960 வரை நகரத்தைப் பழைய சாயலிலேயே மீண்டும் கட்டியெழுப்பினர். இன்று அங்கே செல்பவன் பழந்தெருவில் நடப்பதாக உணர்வானாயின், அது அவர்தம் உழைப்பின் பயனேயாம்.