ஜெயிச்சவர் வாங்கிய ஓட்டை விட ஓட்டே போடாதவங்க அதிகம்.. மத்திய சென்னை தொகுதியின் கணக்கு என்ன?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் மத்திய சென்னையில் திமுக வேட்பாளர் தயாநிதி மாறன் வாங்கிய வாக்குகள் 4.13 லட்சம். அதே தொகுதியில் ஓட்டே போடாதவங்க எத்தனை பேர் தெரியுமா? சுமார் 6.2 லட்சம் பேர்!

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலேயே குறைந்த வாக்குப்பதிவு இங்கேதான். வெறும் 53.96 சதவீதம். மாநில சராசரி 69.72 சதவீதம். முதலிடம் பிடித்த தருமபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டியது. தலைமைச் செயலகம் தொடங்கி பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் வரை எல்லாம் இருக்கும் நகரத்தின் மையத்தில் ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஆறு தொகுதி, ஆறு உலகம்

வில்லிவாக்கம், எழும்பூர் (தனி), துறைமுகம், சேப்பாக்கம் - திருவல்லிக்கேணி, ஆயிரம் விளக்கு, அண்ணா நகர். இந்த ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் மத்திய சென்னை.

துறைமுகத்தை எடுத்துக்கிட்டா, சவுகார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் குஜராத்தி, மார்வாடி குடும்பங்கள் இருக்கு. கொஞ்ச தூரம் நடந்தால் மண்ணடி. அங்கே தமிழ் பேசும் முஸ்லிம்கள் அதிகம். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றி ஒரு உலகம், வாலாஜா மசூதியைச் சுற்றி உருது பேசும் இன்னொரு உலகம். நடுவில், வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள் தங்கும் மேன்சன்கள்.

வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப் ரயில் பெட்டி தொழிற்சாலையை நம்பி வளர்ந்த தொழிலாளர் குடும்பங்கள். அண்ணா நகர், நுங்கம்பாக்கத்தில் வசதியான வீடுகள், அடுக்குமாடிகள். எழும்பூர் தொகுதியின் புளியந்தோப்பு பக்கம் போனால் நெருக்கமான குடியிருப்புகள். எந்த ஒரு சமூகத்தின் ஓட்டை மட்டும் நம்பியும் இங்கே யாரும் ஜெயிக்க முடியாது.

மாறன் குடும்பத்தின் கோட்டை

1977-ல் உருவான இந்தத் தொகுதி இதுவரை 13 தேர்தல்களைப் பார்த்திருக்கிறது. அதில் 9 முறை திமுக. 1996, 1998, 1999-ல் முரசொலி மாறன், 2004, 2009, 2019, 2024-ல் அவருடைய மகன் தயாநிதி மாறன் என ஒரே குடும்பம் மட்டும் 7 முறை ஜெயிச்சிருக்கு. காங்கிரஸின் இரா.அன்பரசு 1989, 1991 என இரண்டு முறை வென்றார்.

அதிமுக நேரடியாக ஜெயித்தது ஒரே ஒரு முறைதான். 2014-ல் ஜெயலலிதா தனித்து நின்று 37 தொகுதிகளைப் பிடித்தபோது, எஸ்.ஆர்.விஜயகுமார் இங்கே தயாநிதி மாறனைத் தோற்கடித்தார்.

2024-ல் வித்தியாசம் 2.44 லட்சம் வாக்குகள். அதிமுக இந்தத் தொகுதியை கூட்டணிக் கட்சியான தேமுதிகவுக்குக் கொடுத்தது. பாஜகவின் வினோஜ் பி.செல்வம் இரண்டாம் இடம், தேமுதிகவின் பார்த்தசாரதி மூன்றாம் இடம்.

அப்போது மொத்தம் சுமார் 13.5 லட்சம் வாக்காளர்கள் இருந்தாங்க. பட்டியலில் உள்ள 100 பேரில் 31 பேர் ஓட்டுப் போட்டாலே இங்கே பிரம்மாண்ட வெற்றி கிடைச்சிடுது!

சிட்டி மக்கள் சோம்பேறிகளா?

தேர்தல் முடிந்ததும் வழக்கமாக வரும் விமர்சனம் இதுதான். 'லீவு விட்டா ஊருக்குப் போயிடுறாங்க' என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பட்டியலையும் பார்க்கணும்.

ஒரு உதாரணம். ஒரு தெருவில் 100 பெயர் பட்டியலில் இருக்கு. அதில் 30 பேர் வீடு மாறிப் போயிட்டாங்க, ஆனால் பெயர் நீக்கப்படவில்லை. 54 பேர் ஓட்டுப் போடுறாங்க. கணக்குப்படி 54 சதவீதம். ஆனால் உண்மையில் அங்கே வசிக்கும் 70 பேரை வைத்துப் பார்த்தால் 77 சதவீதம்!

வாடகை வீடு மாறுவது மட்டும் காரணமில்லை. கூவம் கரையில் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டாங்க. பெரும்பாக்கம் இருப்பது தென் சென்னை தொகுதியில். பெயர் பழைய முகவரியிலேயே இருந்தால், கூலி வேலையை விட்டுட்டு பஸ் பிடிச்சு வந்துதான் ஓட்டுப் போடணும்.

2025 டிசம்பர் 19-ல் வெளியான சிறப்பு தீவிர திருத்த வரைவுப் பட்டியல் இதைத்தான் காட்டியது. தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கம். சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். மாநில அளவில் நீக்கத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, முகவரி மாற்றம்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. பட்டியல் சுருங்கினால் வாக்குப்பதிவு சதவீதம் தானாகவே ஏறும். அதை வைத்து மட்டும் மக்கள் ஆர்வமாக ஓட்டுப் போட்டாங்கன்னு சொல்லிட முடியாது. பழைய முகவரியில் நீக்கப்பட்டவர் புதிய முகவரியில் சேர்ந்தாரா என்பதுதான் முக்கியமான கேள்வி. சேரவில்லை என்றால் அவருக்கு எங்கேயுமே ஓட்டு இல்லை. இதில் அதிகம் சிக்குவது வாடகைக்கு இருப்பவர்களும், இடம் மாற்றப்பட்ட குடும்பங்களும்தான்.

நீங்க என்ன செய்யணும்?

தேர்தல் ஆணைய இணையதளத்தில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டு பெயர் இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் படிவம் 6. பெயர் இருந்து, வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

சொந்த வீடு இருந்தால்தான் ஓட்டு என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது, அந்த இடத்தில் வழக்கமாக வசிக்கிறீர்களா என்பதை மட்டுமே. மேன்சன் அறையில் தங்கி வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.