வறட்டு இருமல் எல்லாம் முட்டு அல்ல

என் ராத்தா இரண்டு வருடமாக இருமினார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். முட்டு என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். படியேறும்போது மூச்சு வாங்கியதற்கு வயதுதான் காரணம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம்.

கடைசியில் ஒரு வைத்தியர் வேறு மாதிரிக் கேட்டார். தண்ணீர் இல்லாமல் பிஸ்கட் விழுங்க முடியுமா? கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துமா? ராத்தா என்னைப் பார்த்தார். நோன்பு இல்லாத நாளிலும் நாக்கு ஒட்டுகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், "தண்ணி குடிங்க" என்று வாயடைத்தவள் நான்தான்.

இதன் பெயர் ஷோகிரென் நோய். 1933 இல் 19 பெண்களைப் பற்றி ஆய்வு எழுதிய சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோகிரெனின் பெயர் அது. கிருமியோடு போராட வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்குகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

வாயும் கண்ணும் வறண்டால் நுரையீரலுக்கு என்ன? சுவாசக் குழாயின் உட்புறத்தையும் சிறு சுரப்பிகள்தான் ஈரமாக வைத்திருக்கின்றன. அவை வற்றினால் சளி தடித்து ஒட்டும், இருமல் விடாது, தொற்றும் அடிக்கடி வரும். இது தொல்லை. பயப்பட வேண்டியது மற்றையது: காற்றுப் பைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய திசுவுக்குள் வெள்ளை அணுக்கள் புகுந்து அழற்சி உண்டாக்கும். அது நாளடைவில் தழும்பாகும். தழும்பு விழுந்த இடத்தில் ஒட்சிசன் இரத்தத்தில் சேர்வது குறையும். அழற்சியாக இருக்கும்போது பிடித்தால் ஸ்டீரொயிட்டும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும் உதவக்கூடும். தழும்பை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது.

ஆரம்பத்தில் இது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். நுண்ணிய சீ.ரி. ஸ்கேனும், ஊதச் சொல்லிச் செய்யும் நுரையீரல் பரிசோதனையும் தேவை. ஆன்டி-ரோ என்ற இரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் அது சரியாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. சிலருக்கு உள் உதட்டிலிருந்து சிறு துண்டு எடுத்தும் பார்ப்பார்கள். காதுக்குக் கீழே வீக்கம் வந்து வற்றாமல் இருந்தால் உடனே காட்டுங்கள். இந்த நோயாளிகள் சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு.

அதற்காக இதை வாசித்துவிட்டு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாயும் கண்ணும் வறள்வதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

ராத்தாவின் ஸ்கேனில் இரு நுரையீரல்களின் அடியிலும் கொஞ்சம் தழும்பு இருந்தது. மருந்து தொடங்கிய பிறகு கூடவில்லை. "முந்தியே பார்த்திருந்தால் இதுவும் வந்திருக்காதா?" என்று கேட்டார். வைத்தியர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.