வரிக் குறைப்பா, வாடிக்கையாளரா?

கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தால் வேலைவாய்ப்பு பெருகும் என்பது பெரிய இடத்து வாதம். 2019 செப்டம்பர் 20-இல் மத்திய அரசு அதைச் செய்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 30-லிருந்து 22 சதவீதமானது. ஆண்டுக்கு ரூ.1,45,000 கோடி வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே கணக்குச் சொன்னார். (பங்குதாரர்களாகச் சேர்ந்து கடை நடத்துவோருக்கு அதே 30-தான்!)

ஐந்து ரூபாய் பிஸ்கட் வாங்கவே ஜனங்கள் யோசிக்கிறார்கள் என்று ஒரு பெரிய கம்பெனி புலம்பியதும் அதே ஆண்டில்தான். சரக்கு நகராதபோது யார் ஆள் சேர்ப்பார்கள்? மிச்சமான வரிப்பணம் கடனை அடைக்கவும் கையிருப்பைப் பெருக்கவுமே போனது என்று ரிசர்வ் வங்கியின் 2019-20 ஆண்டறிக்கை கூறியது.

நம் சதுரங்கப்பட்டினத்தில், கல்பாக்கம் சம்பளம் பட்டுவாடா ஆகும் வாரத்திலும் மீன்பாடு நன்றாக உள்ள நாட்களிலும்தான் மூட்டை இறக்கக் கூடுதல் ஆளைக் கூப்பிடுகிறோம். வருமான வரி குறைந்ததென்று எந்தக் கடைக்காரரும் ஆள் வைத்து நான் பார்த்ததில்லை.

2025 செப்டம்பர் 22-இல் பிஸ்கட், குளியல் சோப்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமானது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற சாமான் 105 ரூபாய்க்கு வர வேண்டும். மிச்சம் 13 ரூபாய் வாங்குபவர் கையில். அது நம் கடையிலேயே இன்னொரு சாமானாகும். பழைய விலை அச்சிட்ட சரக்கால் நாம் பட்ட பாடு தனிக்கதை. துணி துவைக்கும் பவுடரை அப்போது 18-லேயே விட்டுவிட்டார்கள். சங்கத்தின் அடுத்த பட்ஜெட் மனுவில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.