வலியில் பிடித்துக் கொள்ள ஒரு கை

திருச்சி தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் பிரசவ வேதனையில் மகள். ஈசனே தாயின் உருவில் வந்து பெண்ணுக்குத் துணையிருந்தாராம். பிரசவ நேரத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை நம் முன்னோர் எவ்வளவு சரியாகக் கண்டு வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

இன்று மாமல்லபுரம் கடலோரத்தில் ஒருத்திக்கு வலி கண்டால் வெள்ளம் வந்து தடுப்பதில்லை. ஆம்புலன்ஸ் வருகிறது. சிக்கலான பிரசவமென்றால் திருக்கழுக்குன்றம் வழியே செங்கற்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரிப் பிரசவம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் வெகு காலம் வரை, பிரசவ அறைக் கதவு சாத்தியதும் தாய் வெளியே, மகள் உள்ளே! வெள்ளத்தின் இடத்தில் கதவு வந்து நின்றது.

அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழக அரசு 2004-ல் கொண்டுவந்தது. 2016-ல் மத்திய அரசும் இதை ஏற்றது. துணைக்கு வருபவர் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராகவும், தொற்று நோய் இல்லாதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் என்ன வழக்கம் என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள்.

மேல்நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். 'டூலா' என்று பெயர். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அவள் பிரசவம் பார்ப்பதில்லை. பக்கத்தை விட்டு நகராமல் இருப்பாள், அவ்வளவுதான். அதனால் என்ன பயன் என்கிறீர்களா? 17 நாடுகளில், 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தார்கள். இடைவிடாத துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, சிசேரியனும் குறைந்தது. பயந்தால் உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடும். தைரியமும் ஒரு மருந்துதான்.

துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது என்ன? ஆரம்ப வலியில், நர்ஸ் சம்மதித்தால், மெள்ள நடக்க வையுங்கள். வலி வரும்போது முதுகின் அடியில் உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். மூச்சை நிதானமாக வெளியே விடச் சொல்லி, நீங்களும் கூடவே விடுங்கள். மல்லாந்து கிடக்காமல் ஒருக்களித்துப் படுக்க உதவுங்கள். முகத்தை ஈரத் துணியால் துடையுங்கள். டாக்டர் அனுமதித்தால் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

செய்யக் கூடாததும் உண்டு. வயிற்றை அமுக்காதீர்கள். "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்தாதீர்கள். அதற்கு நேரம் சொல்ல நர்ஸ் இருக்கிறார். ரத்தப்போக்கு, கண் இருட்டல், வலிப்பு என்றால் உடனே கூப்பிடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்ற வசனத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

வளைகாப்பன்று வளையல் அடுக்கும்போதே, "உன்னோடு உள்ளே யார் வரவேண்டும், அம்மா?" என்று அவளையே கேட்டுவிடுங்கள். அம்மாவோ, மாமியாரோ, அக்காவோ, அவள் சொல்வதுதான் தீர்ப்பு. உங்கள் பெயரைச் சொல்லவில்லையா? வருத்தப்பட வேண்டாம். பிளாஸ்க்கில் காப்பியோடு வாசலில் காத்திருக்கவும் ஓர் ஆள் வேண்டுமே!